டிரில்லைக் கொண்டு தீயணைப்பு ஹோஸை வேகமாகச் சுருட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மார்ச் 4 பாதுகாப்பு தினம், ஏப்ரல் 14 முதல் தீயணைப்பு வாரம் என்று ஒத்திகை நடக்கும் நாட்களில், தொழிற்சாலை வளாகத்தில் இருக்கும் ஹோஸ் பாக்ஸ்கள் எல்லாம் திறக்கப்படும். தண்ணீர் பீய்ச்சுகிற வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நனைந்து கிடக்கும் ஹோஸ்களைத் திரும்பச் சுருட்டி வைப்பதற்குத்தான் மாலை வரை ஆகும். குனிந்தே செய்யும் வேலை என்பதால் இடுப்பும் விட்டுப்போகும்.

மெயின்டெனன்ஸ் பிரிவில் இருக்கும் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டு இந்த வேலையை மிகவும் சுலபமாக்கிவிடலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். டிரில் சுழற்றுகிற வேலையை மட்டும்தான் செய்யும். தண்ணீரை வடிப்பது, முறுக்கில்லாமல் விரிப்பது, கப்ளிங் (ஹோஸின் முனையில் இருக்கும் உலோக இணைப்பு) வரும் முன் நிறுத்துவது எல்லாம் ஆள் செய்ய வேண்டியவை. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டிவிட்டு ட்ரிகரை அழுத்தினால், சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்ட வேண்டிவரும்.

இங்கே சொல்வது எல்லாம் நம் ஊர் தொழிற்சாலைகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கும் 63 மி.மீ. ஆர்.ஆர்.எல். ஹோஸை (உள்ளே ரப்பரும் வெளியே நெய்த துணியும் உள்ளது), அதிலும் 15 மீட்டர் நீளத்தை, மனதில் வைத்து. 30 மீட்டருக்கு எங்கே மாறும் என்பதை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. எந்த ஹோஸுக்கு இது சரிவரும்

காலியாக இருக்கும்போது தட்டையாகப் படுக்கிற டெலிவரி ஹோஸ் எல்லாவற்றுக்கும் சரிவரும். 38, 45, 63 மி.மீ. எதுவானாலும் முறை ஒன்றுதான். சுவரில் மாட்டிய ஹோஸ் ரீலில் இருக்கும் உருண்டை ரப்பர் குழாய்க்கும், பம்ப்பில் மாட்டும் கெட்டியான சக்‌ஷன் ஹோஸுக்கும் இது ஆகாது. அவை தட்டையாகாது.

அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் குழுக்கள் ஒன்றரை அங்குல ஹோஸை டிரில்லில் மாட்டிய ஃபோர்க்கால் (இரண்டு கம்பி உள்ள கவை), டிரில்லைக் கையில் பிடித்தபடியே சுருட்டுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஹோஸ் எடை குறைவு, கப்ளிங்கும் அலுமினியம். கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) கப்ளிங் மாட்டிய நம் 63 மி.மீ. ஹோஸில் அதை அப்படியே செய்தால் மணிக்கட்டு தாங்காது. இதற்கு ஒரு ஸ்டாண்ட் வேண்டும்.

இன்னொன்று. கையால் சுருட்டத் தெரியாதவரிடம் டிரில்லைக் கொடுக்காதீர்கள். சுருள் எப்படி வர வேண்டும் என்று கைக்குத் தெரிந்தவருக்குத்தான் டிரில் சுழலும்போது எங்கே தப்புகிறது என்று தெரியும். தீப்பிடித்த இடத்தில் ஸ்டாண்டும் டிரில்லும் இருக்கப்போவதில்லை, அங்கே கைதான்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

ஃபோர்க். ஒரு தகட்டில் இரண்டு கம்பிகளை நிமிர்த்தி வெல்டு செய்தால் ஃபோர்க் தயார். 63 மி.மீ. ஹோஸ் தட்டையாகும்போது அகலம் சுமார் 10 செ.மீ. இருக்கும். ஆகவே கம்பிகள் 13 செ.மீ. நீளம் இருக்கட்டும். 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி போதும். இரண்டு கம்பிக்கும் நடுவே 18 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். இரண்டாக மடித்த ஹோஸ் அதற்குள் நுழைய வேண்டும். மடித்த ஹோஸின் தடிமன் 10 மி.மீ.க்குப் பக்கம் வரும்.

கம்பிகளின் நுனி தகட்டருகே இருப்பதைவிட 2 மி.மீ. அளவுக்கு நெருங்கி இருக்கும்படி பட்டறையில் சொல்லிச் செய்துவாங்குங்கள். முழுக்க இணையாக இருந்தால் இறுக்கமான சுருள் வெளியே வராது. நுனியை உருட்டிவிட்டு, வெல்டிங் பொட்டு ஒன்றுகூட இல்லாமல் அரம் போட்டு வழவழப்பாக்குங்கள். சின்னப் பிசிறு இருந்தாலும் ஒவ்வொரு ஹோஸிலும் அதே இடத்தில் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்டாண்ட். சுமார் 75 செ.மீ. உயரத்தில் ஆங்கிள் சட்டம். மேலே 20 மி.மீ. ஷாஃப்ட், அதைத் தாங்க இரண்டு பில்லோ பிளாக் பேரிங், யு.சி.பி. 204 அளவு. ஷாஃப்ட்டின் முன்முனையில் ஃபோர்க் தகடு. பின்முனையை லேத்தில் கொடுத்து 10 மி.மீ. அறுகோணமாக்கிக்கொள்ளுங்கள். டிரில் சக்கில் (பிட்டைக் கவ்வும் வாய்) மூன்று தாடைகள் இருப்பதால் அறுகோணத்தை நன்றாகக் கவ்வும். உருண்டையாகவே விட்டால் சுமை ஏறும்போது சக்குக்குள் வழுக்கிச் சுற்றும்.

ஸ்டாண்ட் எதற்கு என்றால், டிரில்லின் சக் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் எடையைத் தாங்குவதற்காக அல்ல. ஹோஸின் இழுவையைப் பேரிங் வாங்கிக்கொண்டால் டிரில்லுக்கும் நல்லது, பிடிக்கிறவர் தோளுக்கும் நல்லது. ஹோஸ் வரும் பக்கத்துக் கால்களை அகலமாக வையுங்கள். அடிச்சட்டத்தின் மேல் ஒரு மணல் மூட்டை போட்டால் ஸ்டாண்ட் இழுபடாது.

டிரில். 18 வோல்ட் கார்ட்லெஸ், இரண்டு கியர், 13 மி.மீ. சக், பக்கவாட்டுக் கைப்பிடி உள்ளது. ஒயர் போட்ட டிரில் வேண்டவே வேண்டாம். கப்ளிங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் தரையில் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் கிடப்பது ஆபத்து. இம்பாக்ட் டிரைவரும் சரிவராது. சுமை வந்ததும் அது தட்ட ஆரம்பித்துவிடும், மெதுவாகச் சுழற்ற முடியாது, சிக்கினால் விட்டுக்கொடுக்கும் கிளட்ச்சும் இல்லை.

இன்னொரு ஆள். டிரில் வந்துவிட்டால் ஒருவரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 63 மி.மீ. ஹோஸில் அது நடக்காது. கப்ளிங் முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கப்ளிங் சிமென்ட் தரையில் உராய்ந்துகொண்டே வரும்.

உடை. டிரில் பிடிக்கிறவர் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கக் கூடாது. துப்பட்டா, தொளதொளவென்ற சட்டைக்கை, பெரிய சைஸ் கையுறை எதுவும் சுழலும் ஷாஃப்ட் பக்கம் வரக் கூடாது. கப்ளிங் பிடிக்கிறவர் மட்டும் கைக்குச் சரியாகப் பொருந்தும் தோல் கையுறை போடட்டும். கப்ளிங்கை ஹோஸோடு கட்டியிருக்கும் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

3. தண்ணீரை முழுதாக வடியுங்கள்

63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டர் முழுக்க நிரம்பியிருந்தால் உள்ளே ஏறக்குறைய 47 லிட்டர் இருக்கும். 30 மீட்டரென்றால் 94. வால்வை மூடியதும் ஒரு பகுதி தானாக ஓடிவிடும். மீதி ஹோஸ் பள்ளத்தில் கிடக்கும் இடங்களில் தேங்கி நிற்கும். அந்த மீதியோடு சுருட்ட ஆரம்பித்தால் தண்ணீர் முன்னே முன்னே தள்ளப்பட்டு ஒரு இடத்தில் வீங்கும், டிரில் திணறும்.

முதலில் ஹைட்ரன்ட் வால்வை மூடி, பிரான்ச் பைப்பை (ஹோஸ் முனையில் மாட்டும், நாசில் உள்ள குழாய்) திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். பிறகுதான் கப்ளிங்கைக் கழற்றுவது. அழுத்தம் இருக்கும்போது பூட்டை விடுவிக்கும் காதை இழுத்தால் கப்ளிங் எகிறி முகத்தில் அடிக்கும்.

அடுத்து ஹோஸின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுமுனை வரை நடங்கள். நடக்கும்போது பின்னால் இருக்கும் பகுதியைக் கீழே இறக்கிக்கொண்டும் முன்னால் இருப்பதைத் தோளில் ஏற்றிக்கொண்டும் போக வேண்டும். தண்ணீர் உங்களுக்கு முன்னால் ஓடித் திறந்த முனையில் கொட்டும். வளாகத்தில் சரிவான ரோடு இருந்தால் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி நடங்கள். ஒரு தடவை போதாது. இரண்டாவது தடவையில் வருகிற தண்ணீரைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

பிரான்ச் பைப்பைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். மூடிய நாசில் முனையில் மாட்டியிருந்தால் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் வெளியேறாது. சுருட்டச் சுருட்ட ஹோஸ் தலையணை போல உப்பும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும்.

4. கழுவி, பார்த்து, உலரவிடுங்கள்

மண், எண்ணெய் பட்டிருந்தால் இப்போதே கழுவ வேண்டும். சாதாரணத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். மணலோடு இறுக்கிச் சுருட்டினால் ஒவ்வொரு அடுக்கும் உப்புத்தாள் மாதிரி அடுத்த அடுக்கைத் தேய்க்கும். கையால் சுருட்டுவதைவிட டிரில் இறுக்கமாகச் சுருட்டும் என்பதால் இது இங்கே இன்னும் முக்கியம்.

கழுவும்போதே கண்ணால் பாருங்கள். மேல்துணியில் அறுந்த நூல், கப்ளிங் அருகே தளர்ந்த கட்டுக்கம்பி, பெண் கப்ளிங்குக்குள் (மற்றதை உள்ளே வாங்கும் முனை) ரப்பர் வாஷர் இருக்கிறதா, ஆண் கப்ளிங்கின் (அதற்குள் நுழையும் முனை) விளிம்பில் அடி விழுந்திருக்கிறதா. ஒத்திகையில் தண்ணீர் கசிந்த இடத்தை அப்போதே மார்க்கரால் வட்டமிட்டு வைத்திருந்தால் நல்லது. தண்ணீர் போனபின் கண்டுபிடிக்க முடியாது. பழுதான ஹோஸில் சிவப்பு டேக் கட்டித் தனியாக ஒதுக்குங்கள். அழகாகச் சுருட்டிவிட்டால் அதுவும் நல்ல ஹோஸ் போலவே தெரியும், யாராவது எடுத்து பாக்ஸில் வைத்துவிடுவார்கள்.

உலர்த்துவது நிழலில், தொங்கவிட்டோ சரிவான ரேக்கில் போட்டோ. பருத்தி மேல்துணி உள்ள பழைய ஹோஸ் முழுக்க உலராமல் சுருண்டால் பூஞ்சை பிடித்து நூல் இற்றுப்போகும். செயற்கை இழை ஹோஸுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனாலும் ஈரத்தோடு இரும்பு பாக்ஸில் வைப்பது பாக்ஸுக்கும் கப்ளிங்குக்கும் கெடுதல். சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் தார் ரோட்டில் போட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பருக்கு அந்தச் சூடு ஆகாது.

5. விரித்து, மடித்து, ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்

சுருள் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும்.

ஹோஸை முழு நீளத்துக்கும் நேராக விரியுங்கள். ஒரு முனையிலிருந்து நடந்துகொண்டே முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மேல்துணியில் அச்சிட்ட எழுத்தோ நீளவாக்கில் ஓடும் கோடோ இருந்தால் அது முழுக்க ஒரே பக்கம் தெரிய வேண்டும். நடுவில் மறைந்து மறுபடி தெரிந்தால் அங்கே முறுக்கு இருக்கிறது. நடுவிலேயே நின்று அதைப் பிரிக்கப் பார்க்காதீர்கள், அடுத்த இடத்துக்குத்தான் நகரும். முனையில் கப்ளிங்கைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.

இனி ஆண் கப்ளிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பெண் கப்ளிங் இருக்கும் பக்கம் நடங்கள். ஹோஸ் தன் மேலேயே இரண்டாகப் படியும். பெண் கப்ளிங்குக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்று ஆண் கப்ளிங்கைக் கீழே வையுங்கள். ஆண் மேலே, பெண் கீழே. மடிப்பு மறுமுனையில் தானாக விழுந்திருக்கும்.

ஏன் ஒரு மீட்டர்? மடிப்பிலிருந்து பாய் போல் சுருட்டும்போது மேல் அடுக்கு உள்பக்கமும், கீழ் அடுக்கு வெளிப்பக்கமும் போகும். வெளியே சுற்றும் அடுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அதிக நீளத்தை விழுங்கும். ஒரு அடுக்கின் தடிமன் 5 மி.மீ. என்று வைத்தால் சுற்றுக்கு 3 செ.மீ.க்குச் சற்று மேல். 15 மீட்டர் ஹோஸ் இரட்டையாகச் சுருள 14 சுற்று வரும், ஆக மொத்தம் 45 செ.மீ. அளவு. ஆரம்பத்தில் விட்ட ஒரு மீட்டர் கடைசியில் அரை மீட்டராகக் குறைந்து, அந்த அரை மீட்டர் ஹோஸ் ஆண் கப்ளிங்கின் மேல் போர்த்திக்கொள்ளும். அதன் விளிம்பு அடிபடாமல் இருப்பது இதனால்தான். இரண்டையும் சமமாக வைத்து மடித்தால் ஆண் கப்ளிங் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

30 மீட்டர் ஹோஸுக்குச் சுற்றுகள் கூடும், ஆகவே ஒன்றேகால் மீட்டர் தள்ளி வையுங்கள். சுருளும் பெரிதாகும்: 15 மீட்டருக்கு விட்டம் 32 செ.மீ. பக்கம் என்றால், 30 மீட்டருக்கு 45 செ.மீ.

ஒவ்வொரு முறையும் மடிப்பு அதே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை ஒரு மீட்டர் விட்டிருந்தால் இந்தத் தடவை 80 செ.மீ. விட்டால் போதும், மடிப்பு 10 செ.மீ. நகர்ந்துவிடும். ஒரே கோட்டில் வருடக்கணக்காக மடிந்த ஹோஸ் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

கடைசியாக இரண்டு அடுக்கின் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று மடிப்பிலிருந்து ஆரம்பித்துக் காலால் ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. புதிதாக வருகிறவர்கள் தாண்டுவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

6. டிரில்லை அமைப்பது

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டின் அறுகோண முனையில் சக்கை இறுக்குங்கள். பேட்டரியோடு செய்யும்போது கை ட்ரிகரில் பட்டால் விரல் போகும்.

கியர் 1-இல் இருக்கட்டும். அதில்தான் வேகம் குறைவு, முறுக்குவிசை அதிகம். ஹேமர் குறியில் இருந்தால் மாற்றுங்கள்.

கிளட்ச் வளையத்தை டிரில் குறியில் வைக்காமல் நடுத்தர எண் ஒன்றில் வையுங்கள். நல்ல 18 வோல்ட் டிரில் முதல் கியரில் 50 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கும். ஹோஸ் எங்காவது சிக்கி நின்றால் அத்தனையும் உங்கள் மணிக்கட்டுக்குத் திரும்பும். காய்ந்த, தண்ணீர் வடிந்த ஹோஸை இழுக்க அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. கிளட்ச் நடுவில் இருந்தால் சிக்கியவுடன் கடகடவென்று சத்தம் போட்டு விட்டுக்கொடுக்கும். சும்மா இழுக்கும்போதே கடகட என்றால் ஒரு எண் கூட்டுங்கள். கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால், உள்ளே தண்ணீர் இருக்கிறது.

திசை முக்கியம். டிரில்லுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது ஹோஸ் உங்கள் வலக்கைப் பக்கம் நீண்டிருக்க வேண்டும், டிரில் ஃபார்வர்டில் இருக்க வேண்டும். அப்போது ஹோஸ் சுருளின் அடிப்பக்கமாக நுழையும், மேல் அடுக்கு உள்ளே போகும், மேலே போட்ட கணக்கெல்லாம் பலிக்கும். தலைகீழாகச் சுழன்றால் ஆண் கப்ளிங் வெளியடுக்குக்கு வந்துவிடும். ஒரு மீட்டர் இடைவெளியும் குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

பக்கவாட்டுக் கைப்பிடியை இடப்பக்கம் மாட்டி, ஸ்டாண்டின் குறுக்குச் சட்டத்தின் மேல் படும்படி வையுங்கள். ஷாஃப்ட் வலப்புறமாகச் சுழலும்போது டிரில்லின் உடம்பு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும், கைப்பிடி கீழே அழுத்தும். அந்த அழுத்தத்தைச் சட்டம் வாங்கட்டும்.

7. முதல் இரண்டு சுற்று

மடிப்பைத் தூக்கி, இரண்டு அடுக்கையும் சேர்த்து ஃபோர்க்கின் கம்பிகளுக்கு நடுவே நுழையுங்கள். மடிப்பு மறுபக்கம் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதற்கும் குறைவாக விட்டால் வழுக்கி வெளியே வந்துவிடும். ரொம்பவும் விட்டால் நடுவில் குண்டாகி, சுருள் முட்டை வடிவில் சுற்றும். ஹோஸின் ஓரம் தகட்டை லேசாகத் தொடும் வரை உள்ளே தள்ளுங்கள். தகடுதான் ஒரு பக்கத்தை நேராக வைத்திருக்கும் வழிகாட்டி.

முதல் இரண்டு சுற்றை டிரில்லால் சுற்ற வேண்டாம். சக்கைத் தளர்த்தி டிரில்லை விலக்கிவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிச் சுற்றுங்கள்; பல கார்ட்லெஸ் டிரில்களில் சக்கைக் கையால் திருப்பினால் உள்ளே பூட்டிக்கொள்ளும். நீட்டிய மடிப்பு சுருளுக்குள் போய் அடங்குகிறதா, ஓரங்கள் ஒட்டி வருகிறதா என்று இங்கேயே தெரியும். ஆரம்பத்தில் அரை செ.மீ. கோணினால் 14-ஆவது சுற்றில் அது கூம்பாகவே ஆகிவிடும். சரியாக இல்லையென்றால் இப்போதே பிரித்துவிடுங்கள்.

8. சுருட்டுவது

சக்கை மறுபடி ஷாஃப்ட்டில் இறுக்கிவிட்டு, பேட்டரியைப் போடுங்கள். கப்ளிங் பக்கம் இருப்பவர் கீழே இருக்கும் பெண் கப்ளிங்கைக் கையில் பிடித்து, லேசாக இழுத்தபடி நிற்க வேண்டும். "சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் ட்ரிகர்.

வேகம் நொடிக்கு ஒரு சுற்று. இது ரொம்பக் குறைவு என்று முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 சுற்றும் கால் நிமிடத்தில் முடிந்துவிடும். இதைவிட வேகமாக எதற்கு? சுருளின் வெளிச்சுற்றளவு கடைசியில் ஒரு மீட்டருக்கு வந்திருக்கும், அதாவது கப்ளிங் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், ஆள் நடக்கும் வேகத்தில், வரும். ட்ரிகரை முழுக்க அழுத்தினால் முதல் கியரிலேயே நிமிடத்துக்கு 400 சுற்று போகும் டிரில்கள் உண்டு. அப்போது அதே கப்ளிங் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் பாய்ந்து வரும். பிடித்துக்கொண்டு வருகிறவரால் ஓடவும் முடியாது, விடவும் முடியாது.

புதியவர்கள் ஆரம்பத்தில் மெதுவாக அழுத்தி, நன்றாகப் போகிறது என்றதும் மேலும் அழுத்துகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். சுருள் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு சுற்றும் இழுக்கும் நீளம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

கப்ளிங் பிடித்து நடப்பவரின் வேலை டிரில் பிடிப்பவரின் வேலையைவிட நுணுக்கமானது. அவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, இழுவை. லேசாக, ஒரே சீராக. தொய்வு விட்டால் சுருள் பொதபொதவென்று வரும், நடுவில் ஓட்டை பெரிதாகும். நங்கூரம் மாதிரி இழுத்தால் ஃபோர்க்கிலிருந்து சுருளை எடுக்க முடியாது.

இரண்டாவது, ஓரம். ஹோஸ் தகட்டுப் பக்கம் ஒட்டி வருகிறதா, விலகுகிறதா என்று பார்த்துத் தன் நிலையை அரை அடி வலமோ இடமோ மாற்றினாலே போதும், அடுத்த சுற்று நேராகிவிடும். சுருளருகே கையைக் கொண்டுபோய்த் தட்டிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு கப்ளிங்கையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கக் கூடாது. மேல் அடுக்கு உள்ளே சுற்றுவதால் அதற்கு நீளம் மிஞ்சும் என்று பார்த்தோம். அந்த மிச்சம் ஆண் கப்ளிங் வழியாக உங்களை நோக்கி நகர்ந்து வெளியேற வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நகரவிடாமல் செய்தால் மிச்சம் சுருளுக்குள்ளேயே அலையலையாகப் புடைக்கும். பார்த்தவுடன் டிரில் மேல் சந்தேகம் வரும், ஆனால் காரணம் இந்தப் பிடிதான். கீழ்க் கப்ளிங்கில் இழுவை, மேல் கப்ளிங்கைக் கையில் தாங்க மட்டும் செய்யுங்கள்.

9. கடைசி ஒரு மீட்டர்

ஆண் கப்ளிங் சுருளிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்ததும் நடப்பவர் "நிறுத்து" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். டிரில் பிடிப்பவர் ட்ரிகரை விட்டுவிட வேண்டும். முடிவு நடப்பவருடையது. டிரில்லுக்குப் பின்னால் நிற்பவருக்குச் சுருள் மறைத்துக்கொண்டு இருக்கும், கப்ளிங் எங்கே வருகிறது என்று சரியாகத் தெரியாது.

பேட்டரியைக் கழற்றி, சக்கைத் தளர்த்தி டிரில்லை விலக்குங்கள். மீதியை ஷாஃப்ட்டைத் திருப்பியோ, சுருளையே இரண்டு கையால் பிடித்தோ சுற்றி முடியுங்கள். ஆண் கப்ளிங் படியட்டும், பெண் கப்ளிங் வரும் வெளியடுக்கு அதை மூடட்டும்.

இந்த மிச்ச நேரத்தையும் சேமிக்கலாமே என்று டிரில்லாலேயே முடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஷாஃப்ட்டைச் சுற்றிக் கன்மெட்டல் கப்ளிங் ஒரு தடவை சுழன்றால் அது சுத்தியல் வீச்சு. முழங்கால், முகம், டிரில் எது குறுக்கே இருந்தாலும் உடையும். எதுவுமே குறுக்கே இல்லாவிட்டாலும் ஸ்டாண்டின் காலில் மோதி ஆண் கப்ளிங்கின் விளிம்பு நசுங்கும். அடுத்த முறை அது பெண் கப்ளிங்கில் சரியாக அமராது, அமர்ந்தாலும் கசியும்.

10. கழற்றி, கட்டி, பாக்ஸில் வைப்பது

சுருளை அப்படியே பக்கவாட்டில் இழுத்தால் வர வேண்டும். வரவில்லையென்றால் பலவந்தமாக ஆட்டாதீர்கள். ஷாஃப்ட்டை எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள்; நடுவில் இறுக்கம் தளர்ந்து கம்பிகள் விடுபடும். நடு அடுக்குகள் பிதுங்கி வந்தால் தரையில் படுக்கவைத்து உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள்.

கட்டுவதற்கு ஒரே இழுப்பில் அவிழும் வெல்க்ரோ பட்டை போதும். சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பதற்றத்தில், ஈரக் கையால், இருட்டில் அதை எடுக்க வேண்டியவர் யார் என்று யோசித்துப் பார்த்தால் அதைப் போட மாட்டீர்கள்.

ஹோஸ் பாக்ஸில் இரண்டு கப்ளிங்கும் கதவுப் பக்கம் பார்த்திருக்கும்படி வையுங்கள். திறந்தவர் ஒரு கையில் ஒரு கப்ளிங்கைப் பிடித்துக்கொண்டு சுருளை உருட்டிவிட்டால் ஹோஸ் விரிய வேண்டும். இரட்டைச் சுருளின் பயனே அதுதான். டிரில் சுருட்டிய சுருள் அதிக இறுக்கமாக இருந்தால் உருளாமல் சாய்ந்து விழும். ஆகவே முதல் சில ஹோஸ்களைச் சுருட்டியதும் ஒன்றை உருட்டிப் பாருங்கள். தடங்கினால் நடப்பவர் இழுவையைக் குறைக்க வேண்டும்.

11. வரிசையாகப் பல ஹோஸ்கள் இருந்தால்

ஒவ்வொரு ஹோஸையும் வடித்து, விரித்து, சுருட்டி என்று தனித்தனியாக முடிக்காதீர்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, உலர்ந்ததும் நான்கைந்தை அடுத்தடுத்து விரித்து மடித்து வைத்துக்கொண்டு, பிறகு டிரில்லை எடுங்கள். ஒரு ஜோடி ஆட்கள் விரித்து மடித்துக்கொண்டே போக, இன்னொரு ஜோடி சுருட்டிக்கொண்டே வந்தால் வேலை நிற்காது. டிரில்லால் மிச்சமாகும் நேரம் உண்மையில் இப்படிச் செய்யும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு ஹோஸுக்காக ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் கையாலேயே சுருட்டிவிடலாம்.

குறைந்த வேகத்தில் சுமை இழுக்கும்போது டிரில்லுக்குள் இருக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், மோட்டார் சூடாகும். கைப்பிடிக்கு மேலே தொட்டால் சுடுகிறது என்றால் ஷாஃப்ட்டிலிருந்து கழற்றி, சுமையில்லாமல் முழு வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள். இரண்டாவது பேட்டரி சார்ஜில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஃபோர்க்கையும் ஷாஃப்ட்டையும் துடைத்து, கம்பிகளில் புதிதாகப் பிசிறு எழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பேரிங்கில் தண்ணீர் போயிருக்கும். கிரீஸ் நிப்பிளில் கொஞ்சம் கிரீஸ் ஏற்றிவிட்டு ஸ்டாண்டை உள்ளே எடுத்து வையுங்கள்.